நாலடி மனிதரும் நாலு வாசல்களும்



எலக்ட்ரிகல் பிரிவுக்காரர்களுக்கு ஸ்டெய்ன்மெட்ஸ் என்ற பெயர் புதிதல்ல. மெஷின்ஸ் பேப்பரில் ஹிஸ்டரிசிஸ் இழப்பு பற்றிக் கேள்வி வந்தால் ஈட்டா, பி-யின் 1.6 அடுக்கு, எஃப், வி என நாலையும் பெருக்கி எழுதுவோம். ஈட்டா என்பது ஸ்டெய்ன்மெட்ஸ் மாறிலி என்று கீழே ஒரு வரி சேர்ப்போம். மார்க் விழுந்துவிடும். அத்தோடு அந்த மனுஷரை மறந்துவிடுவோம். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு அந்த ஒரு வரி அறிமுகம்கூடக் கிடையாது.

நானும் அப்படித்தான் இருந்தேன், அவருடைய புகைப்படம் ஒன்றைப் பார்க்கும் வரை. 1921-ல் அமெரிக்காவில் ஒரு வானொலி நிலையத்தில் எடுத்த குரூப் போட்டோ அது. கோட்டு சூட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ஐன்ஸ்டைன். அவருக்குப் பக்கத்தில், அவர் நெஞ்சளவு உயரத்தில், பெரிய தலையும் வளைந்த முதுகுமாக ஒருவர். முதலில் யாரோ ஒரு சிறுவன் குறுக்கே வந்து நின்றுவிட்டான் என்றுதான் நினைத்தேன். கீழே பெயரைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஈட்டாவின் சொந்தக்காரர்!

நாலடி உயரம். பிறவியிலேயே கூன். இடுப்பு எலும்பில் கோளாறு, நடையில் விந்தல். சொந்த நாட்டில் போலீஸ் தேடிய ஆள். பிழைக்க வந்த நாட்டில் மொழி தெரியாது, கையில் காசும் கிடையாது. இப்படி ஒருத்தர் இன்றைக்கு ஏதாவது ஒரு தொழிற்சாலை கேட்டுக்கு வந்து வேலை கேட்டால் என்ன நடக்கும்? நிஜமாச் சொல்லுங்க, வாட்ச்மேன் உள்ளே விடுவாரா? விட்டாலும் பர்சனல் டிபார்ட்மென்ட் தாண்டுவாரா?

அவர் தாண்டினார். எப்படித் தாண்டினார், யார் யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. பல வகை மனிதரும் சேர்ந்து வேலை பார்க்கும் இடம் வேண்டும் என்று இன்று எல்லா நிறுவனமும் பேசுகிறது. அந்தப் பேச்சு பிறப்பதற்கு நூறு வருஷம் முன்பே அதை வாழ்ந்து காட்டிய கதை இது.

பிரெஸ்லாவ் நகரத்துப் பிள்ளை

1865 ஏப்ரல் 9-ஆம் தேதி, அன்றைய பிரஷ்யாவில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார் கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப் ஸ்டெய்ன்மெட்ஸ். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருக்கும் முதுகு வளைவு, அவருடைய அப்பாவுக்கும் முதுகு வளைவு. பரம்பரை பரம்பரையாக வந்த சொத்து அது ஒன்றுதான். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா கண்ணை மூடிவிட்டார். பாட்டிதான் வளர்த்தார்.

உடம்பில் இல்லாத பலம் தலையில் இருந்தது. 1883-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணிதம், இயற்பியல், வேதியியல், வானியல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அங்கிருந்த கணித மாணவர் சங்கத்துத் தோழர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் புரோட்டியஸ். கிரேக்கப் புராணத்தில் வரும் கடல் தெய்வம் அது. நினைத்த உருவத்தை எடுக்கும், எல்லாம் அறிந்திருக்கும், பிடித்தால் சுருண்டு நழுவும். வளைந்த முதுகைக் கேலி செய்ததா, அறிவைப் பாராட்டியதா? இரண்டும் கலந்ததுதான் ஹாஸ்டல் பட்டப்பெயர் என்பது நமக்குத் தெரியாததா! ஆனால் ஸ்டெய்ன்மெட்ஸ் அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். பின்னாளில் அமெரிக்கக் குடிமகன் ஆனபோது கார்ல் என்பதைச் சார்லஸ் என்று மாற்றி, நீளமான நடுப்பெயர்களை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் புரோட்டியஸ் என்பதையே போட்டுக்கொண்டார். கேலிப் பெயரையே கௌரவப் பெயராக்கிய மனிதர்!

அந்தச் சங்கத்தில்தான் சோஷலிசமும் அறிமுகமானது. ஜெர்மனியில் அது பிஸ்மார்க் காலம். 1878-ல் போட்ட சட்டத்தால் சோஷலிஸ்டுகளின் கூட்டங்களும் பத்திரிகைகளும் தடை செய்யப்பட்டிருந்தன. நம்ம ஆள் சும்மா இருந்தாரா? சோஷலிஸ்டுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் பொறுப்பையே ஏற்றுக்கொண்டார். 1888-ல் கைது நெருங்கிவிட்டது. டாக்டர் பட்டத்துக்கு ஆய்வுக் கட்டுரை தயார், பட்டம் வாங்குவதுதான் பாக்கி. அதை அப்படியே போட்டுவிட்டு, ஊரைவிட்டே ஓடினார். சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரம். அங்கே சேர்ந்த இடம் எது தெரியுமா? ஜூரிச் பாலிடெக்னிக்! அங்கே மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தார். பெயரளவிலாவது நமக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார் பாருங்கள்.

முதல் வாசல்: துறைமுகம்

ஜூரிச்சில் அவருக்குக் கிடைத்த நண்பர் ஆஸ்கர் அஸ்முசன். அமெரிக்காவில் உறவினர் உள்ளவர். அவர் அமெரிக்கா திரும்ப வேண்டி வந்தபோது நண்பனையும் கூட அழைத்தார், டிக்கெட் செலவு தன்னுடையது என்றும் சொல்லிவிட்டார். கப்பலின் அடித்தட்டு வகுப்பில் இருவரும் கிளம்பினார்கள். 1889 ஜூன் மாதம் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். குடியேற வருபவர்களைப் பரிசோதித்தது அப்போது காஸில் கார்டன் என்ற இடத்தில்.

அமெரிக்காவில் 1882-லேயே ஒரு சட்டம் இருந்தது. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாதவர், அரசுக்குப் பாரமாகக்கூடியவர் என்று அதிகாரி கருதினால் திருப்பி அனுப்பலாம். அந்த அதிகாரியின் கண்ணால் ஒரு நிமிஷம் பார்ப்போம். எதிரே நாலடி உயரத்தில் கூனிக் குறுகி ஒரு இளைஞன். கடல் பயணத்தில் முகம் வீங்கிக் கிடக்கிறது. வேலை இருக்கிறதா? இல்லை. பணம்? இல்லை. இங்கிலீஷ்? வாயே திறக்க வரவில்லை. சட்டப்படி பார்த்தால் அதிகாரி செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவது!

அஸ்முசன் முன்னால் வந்தார். தன் கையிலிருந்த பணத்தைக் காட்டினார். அது இருவருக்கும் பொது என்றார். இவர் பெரிய கணித அறிஞர், இவருக்கு நான் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார். அதிகாரி விட்டுவிட்டார்.

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. அந்தக் கவுன்டரில் ஸ்டெய்ன்மெட்ஸிடம் இருந்த மூளை ஒன்றும் மாறவில்லை. அது கவுன்டரில் யார் கண்ணுக்கும் தெரியவும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது முதுகு மட்டும்தான். நண்பனின் சட்டைப் பையில் நாலு காசு இல்லாமல் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இரண்டாம் வாசல்: யாங்கர்ஸ் பட்டறை

வேலை தேடும் படலம் ஆரம்பமானது. எடிசன் நிறுவனத்தில் முதலில் கேட்டார், அங்கே இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்பார்கள். அடுத்து, கையில் ஓர் அறிமுகக் கடிதத்தோடு நியூயார்க்குக்கு வடக்கே இருக்கும் யாங்கர்ஸ் ஊருக்குப் போனார். அங்கே ருடால்ஃப் ஐக்கமேயர் என்பவருக்கு ஒரு தொழிற்சாலை. தொப்பி செய்யும் இயந்திரங்களைக் கண்டுபிடித்துப் பணமும் பெயரும் சம்பாதித்தவர். அப்போது மோட்டார், டைனமோ பக்கம் திரும்பியிருந்தார்.

இந்த ஐக்கமேயர் யார்? அவரும் ஜெர்மனிக்காரர். 1848-ல் ஜெர்மனியில் எழுந்த புரட்சி தோற்ற பிறகு, வாலிப வயதில் நாட்டைவிட்டு வந்தவர். அகதியாக வருகிறவனுக்குக் கையில் சர்டிபிகேட் இருக்காது, சிபாரிசுக்கு ஆள் இருக்காது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். வந்தவரை வாசலில் வைத்தே அனுப்பாமல், உட்கார வைத்து நெடுநேரம் பேசினார். தாய்மொழியில் பேசப் பேச அந்த இளைஞனின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் உடனே பெரிய பதவி ஒன்றும் தூக்கிக் கொடுக்கவில்லை. டிராஃப்ட்ஸ்மேன் வேலை, வாரத்துக்கு 12 டாலர் சம்பளம்.

டிராஃப்ட்ஸ்மேன்! டிப்ளமோ முடித்துவிட்டு நம்ம சீனியர்கள் எத்தனையோ பேர் முதன்முதலில் உட்கார்ந்த அதே நாற்காலி. போர்டு, டி-ஸ்கொயர், பென்சில். அங்கிருந்துதான் அவரும் ஆரம்பித்தார்.

கொஞ்ச நாளில் ஐக்கமேயர் அவருக்குத் தொழிற்சாலையிலேயே ஒரு சின்ன ஆய்வுக்கூடம் ஒதுக்கிக் கொடுத்தார். அதில் பிறந்ததுதான் நம்ம 1.6.

அதன் அருமை புரிய வேண்டுமானால் அந்தக் கால நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏசி மின்சாரத்தில் இரும்புக் கோர் ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு திசையில் காந்தமாகி, மறு திசைக்குத் திரும்புகிறது. இரும்பு லேசில் திரும்பாது, முரண்டு பிடிக்கும். அந்த முரண்டை அடக்கச் செலவாகும் சக்தி சூடாக வீணாகிறது. எவ்வளவு வீணாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட அன்று வழி கிடையாது. மோட்டாரைச் செய்வார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள். சூடேறிப் புகைந்தால் பிரித்துப் போட்டு மறுபடி செய்வார்கள். செப்புக் கம்பியும் இரும்புத் தகடும் தண்டம்!

ஸ்டெய்ன்மெட்ஸ் பல வகை இரும்புகளை எடுத்து, அளந்து, அட்டவணை போட்டார். காந்தப் பாய அடர்த்தியின் 1.6 அடுக்குக்கு ஏற்ப இழப்பு கூடுகிறது என்று கண்டார். ஒவ்வொரு வகை இரும்புக்கும் ஓர் ஈட்டா. இனி மோட்டாரைச் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், காகிதத்திலேயே தெரிந்துவிடும். 1892 ஜனவரியில் அமெரிக்க மின் பொறியாளர் கழகத்தின் முன் இந்தக் கட்டுரையைப் படித்தார். அமெரிக்க மண்ணில் கால் வைத்து மூன்று வருஷம்கூட முடியவில்லை. வயது 26.

அடுத்த வருஷம், 1893-ல், சிகாகோவில் நடந்த சர்வதேச மின்னியல் மாநாட்டில் இன்னொன்று. ஏசி சர்க்யூட்டுக்குச் சிக்கலெண்களைப் பயன்படுத்தும் முறை. அதாங்க, நம்மைப் பாடாய்ப் படுத்தும் அந்த ஜே! உண்மையில் பாடு குறைக்க வந்தது அது. அதற்கு முன் ஒரு சாதாரண சர்க்யூட்டுக்கே வகைக்கெழுச் சமன்பாடுகள் போட்டு மல்லுக்கட்ட வேண்டும். அந்த ஜே வந்த பிறகு, கூட்டல், பெருக்கல் தெரிந்தவன் போடும் கணக்காக அது இறங்கி வந்தது. பெரிய கணித மேதைகளுக்கு மட்டும் திறந்திருந்த வாசலை நம்மைப் போன்ற சாதாரண மாணவனுக்கும் திறந்துவிட்டவர் அவர்.

மூன்றாம் வாசல்: ஜெனரல் எலக்ட்ரிக்

1892-ல் எடிசன் பெயர் கொண்ட நிறுவனமும் தாம்சன்-ஹூஸ்டன் நிறுவனமும் இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் உருவானது. அதன் தலைமைப் பொறியாளர்களில் ஒருவரான எட்வின் ரைஸ், யாங்கர்ஸ் பட்டறையைப் பார்வையிட வந்தார். இந்தச் சின்ன உருவத்துக்குள் இவ்வளவு பெரிய அறிவா என்று அசந்துபோனார். ஐக்கமேயரின் தொழில் முழுவதையும் ஜெனரல் எலக்ட்ரிக் விலைக்கு வாங்கிக்கொண்டது. எடிசன் நிறுவனத்தில் இடமில்லை என்று அனுப்பப்பட்டதாகச் சொல்லப்படும் மனிதர், அதே நிறுவனம் கலந்து பிறந்த பெரிய கம்பெனிக்குள் மாலை மரியாதையோடு போகிறார்! 1893-ல் லின் என்ற ஊர், 1894 முதல் ஸ்கெனெக்டடி. அதற்குப் பிறகு சாகும்வரை அந்த ஊர்தான்.

இப்போதுதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். ஒருவரை உள்ளே விடுவது ஒன்று. உள்ளே விட்டபின் அவர் வேலை பார்க்கிற மாதிரி இடத்தை வைத்துக்கொடுப்பது வேறொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது வெறும் போட்டோவுக்கு.

ஸ்டெய்ன்மெட்ஸால் எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார முடியாது. வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டு அங்கேயே வேலை பார்த்தார். கோடைக்காலத்தில் மோஹாக் ஆற்றங்கரையில் இருந்த தன் குடிலுக்குப் போய்விடுவார். சின்னப் படகு ஒன்றில் குறுக்காக ஒரு பலகையைப் போட்டு, அதையே மேஜையாக்கி, மண்டியிட்டுக்கொண்டு ஆற்று நடுவில் கணக்குப் போடுவார். ஆபீஸ் உடுப்பு, டை எதுவும் கிடையாது. வாயில் சதா சுருட்டு. தொழிற்சாலையில் புகைபிடிக்கத் தடை போட்டபோது, சுருட்டு இல்லாவிட்டால் தானும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டதாகவும், கம்பெனி அவருக்கு மட்டும் தடையைத் தளர்த்தியதாகவும் ஒரு கதை உண்டு. (நண்பர்களே, சுருட்டை விட்டுவிடுங்கள், கணக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்!)

இன்னொரு கதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபோர்டு தொழிற்சாலையில் ஒரு ஜெனரேட்டர் கெட்டுப் போனது, இவர் வந்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டார், பத்தாயிரம் டாலர் பில் அனுப்பினார், கோடு போட்டதற்கு ஒரு டாலர், எங்கே போடுவது என்று தெரிந்ததற்கு மீதி என்று கணக்குச் சொன்னார் என்பது. நடந்ததோ இல்லையோ, அப்படி ஒரு கதை கட்டுகிற அளவுக்கு அவர் மதிப்பு உயர்ந்திருந்தது என்பது நிஜம்.

கம்பெனிக்கு இதனால் என்ன லாபம்? சுமார் 200 பேட்டன்ட்டுகள். 1900-ல் அவர் முன்னின்று வலியுறுத்தி ஜெனரல் எலக்ட்ரிக் தொடங்கிய ஆய்வுக்கூடம், அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில்தான் ஆரம்பமானது. பின்னாளில் அது உலகப் புகழ் பெற்றது. 1901-ல், டிராஃப்ட்ஸ்மேனாக ஆரம்பித்த அந்த அகதியே அமெரிக்க மின் பொறியாளர் கழகத்தின் தலைவரானார். 1902-ல் ஹார்வர்டு கௌரவப் பட்டம் தந்தது. ஜெர்மனியில் விட்டுவந்த டாக்டர் பட்டத்துக்கு ஈடாக 1903-ல் யூனியன் கல்லூரி பட்டம் தந்தது. அங்கே பேராசிரியராகவும் பாடம் எடுத்தார்.

கடைசிக் காலத்தில் அவர் பிடித்தது மின்னலை! 1920-ல் அவருடைய ஆற்றங்கரைக் குடிலில் இடி விழுந்து ஒரு கண்ணாடி சுக்குநூறானது. மற்றவர்களாக இருந்தால் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டியிருப்பார்கள். அவர் சில்லுகளை எல்லாம் பொறுக்கி, ஒட்டவைத்து, மின்னல் போன பாதையை ஆராய்ந்தார். 1922-ல் ஆய்வுக்கூடத்திலேயே செயற்கை மின்னலை உண்டாக்கிக் காட்டினார். 1,20,000 வோல்ட்! மின்கம்பிகளையும் கருவிகளையும் இடியிலிருந்து காக்கும் சாதனங்களைச் சோதிக்க அது வழி செய்தது.

அந்த வருஷம் அக்டோபரில் எடிசன் ஸ்கெனெக்டடிக்கு வந்தார். எடிசனுக்குக் காது கேட்காது, ஸ்டெய்ன்மெட்ஸுக்கு முதுகு நிமிராது. இவர் எடிசனின் முழங்காலில் தந்தி பாஷையில் தட்டித் தட்டிப் பேசியதாகச் சொல்வார்கள். மின்சார யுகத்தின் இரு பெரிய மனிதர்கள் இவர்கள். இன்றைய ஃபிட்னெஸ் சர்டிபிகேட் கணக்கில் இருவருமே ஃபெயில்!

கொள்கை விஷயத்திலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலாளித்துவ நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்துகொண்டே கடைசிவரை சோஷலிஸ்டாக வாழ்ந்தவர் அவர். 1911-ல் ஸ்கெனெக்டடியில் சோஷலிஸ்டு மேயர் ஜெயித்தபோது நகரக் கல்வி வாரியத்துக்கு வந்து, அதன் தலைவராகவும் ஆனார். ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் இலவசமாகக் கிடைக்கவும், இங்கிலீஷ் தெரியாத குடியேறிகளின் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடக்கவும் பாடுபட்டார். தான் நின்ற வாசலை அவர் மறக்கவில்லை. 1922-ல் லெனினுக்கே கடிதம் எழுதி, ரஷ்யாவை மின்மயமாக்க உதவத் தயார் என்றார். லெனினும் பதில் எழுதினார். அதற்காகக் கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை.

வீட்டு வாசல்

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் உடல் குறை பிள்ளைக்கும் வந்துவிடக் கூடாது என்ற பயம். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு உதவியாளராக ஜோசப் ஹேடன் என்ற இளைஞர் இருந்தார். 1903-ல் ஹேடனுக்குக் கோரின் என்ற பெண்ணோடு திருமணம் ஆனது. இளம் தம்பதியைத் தன் பெரிய வீட்டுக்கே வந்து இருக்கும்படி கேட்டுக்கொண்டார் ஸ்டெய்ன்மெட்ஸ். வந்தார்கள். பிறகு ஹேடனையே சட்டப்படி மகனாகத் தத்து எடுத்துக்கொண்டார். மூன்று பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். நேரம் காலம் தெரியாமல் ஆய்வுக்கூடத்தில் கிடந்த மாமனாரைச் சாப்பாட்டு மேஜைக்கு வரவழைத்த பெருமை மருமகளுக்கு. செடிக் கூண்டில் கள்ளிகள், தொட்டியில் முதலைக்குட்டிகள், ஆய்வுக்கூடத்தில் தீப்பொறி, நடுவில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் தாத்தா. பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்!

1923-ல் குடும்பத்தோடு அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு நீண்ட பயணம் போய்த் திரும்பினார். உடல் களைத்திருந்தது. அக்டோபர் 26-ஆம் தேதி காலை, படுக்கையிலேயே உயிர் பிரிந்தது. வயது 58.

நாலாம் வாசல்: திறக்காத கதவு

இத்தோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது.

ஸ்டெய்ன்மெட்ஸ் புகழின் உச்சியில் இருந்த அதே காலம், அதே ஊர், அதே கம்பெனி. எடித் கிளார்க் என்ற பெண். 1883-ல் பிறந்தவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1919-ல் புகழ்பெற்ற எம்.ஐ.டி.யில் மின் பொறியியலில் முதுகலைப் பட்டம் வாங்கினார். அந்தத் துறையில் அங்கே அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். ஜெனரல் எலக்ட்ரிக் அவருக்கு வேலை கொடுத்தது. என்ன வேலை? பொறியாளர் வேலை இல்லை! டர்பைன் பிரிவில் கணக்குப் போடும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். பொறியாளர் என்ற பெயரும் கிடையாது, சம்பளமும் கிடையாது. இத்தனைக்கும் நீண்ட மின்கம்பிகளின் கணக்கைச் சுலபமாக்கும் ஒரு கருவியை அந்தக் காலத்திலேயே வடிவமைத்து, பேட்டன்ட்டுக்கும் விண்ணப்பித்திருந்தார்.

பார்த்தார். 1921-ல் வேலையை விட்டுவிட்டு, துருக்கியில் கான்ஸ்டான்டிநோபிள் பெண்கள் கல்லூரிக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். மறு வருஷம், 1922-ல், ஜெனரல் எலக்ட்ரிக் அவரைத் திரும்ப அழைத்தது, இந்தத் தடவை மின் பொறியாளராகவே. அமெரிக்காவில் அந்தப் பதவியில் சம்பளம் வாங்கிய முதல் பெண் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது. பவர் சிஸ்டம் பகுப்பாய்வில் கிளார்க் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்று ஒரு முறை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. மேலே படிக்கப் போகிறவர்கள் சந்திப்பீர்கள்.

ஒரே கம்பெனி. ஒருவருக்காக ஆற்று நடுவில் போட்ட பலகையைக்கூட ஆபீஸாக ஏற்றுக்கொண்டது. இன்னொருவருக்கு ஒரு பதவிப் பெயரைக் கொடுக்க யோசித்தது. ஆக, ஒரு மேதைக்காகக் கதவைத் திறந்துவிட்டோம் என்பதால் கதவே திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

நமக்கு என்ன?

ஸ்டெய்ன்மெட்ஸ் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும், குறையை வென்ற மாமனிதர் என்று முடிப்பார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம். அவர் முதுகு கடைசிவரை நிமிரவே இல்லை. அதை அவர் வெல்லவில்லை, வெல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மாறியதெல்லாம் அவரைச் சுற்றி இருந்தவர்கள்தான். பணத்தைக் காட்டிப் பொறுப்பேற்ற நண்பன், உட்கார வைத்துப் பேசிய முதலாளி, உருவத்தைப் பார்த்த பிறகும் கட்டுரையைப் படித்த ரைஸ், சாப்பிடக் கூப்பிட்ட மருமகள். இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் நம்ம புத்தகத்தில் அந்த ஈட்டாவுக்கு வேறு யாராவது பெயர்தான் இருக்கும். அல்லது இன்னும் சில வருஷம் மோட்டார்கள் புகைந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். எல்லாருக்கும் அஸ்முசன் கிடைப்பதில்லை. வாசலில் நிற்பவர் எல்லாரும் மேதையாகவும் இருக்க வேண்டியதில்லை. ஒழுங்காக வேலை தெரிந்த ஒரு சாதாரண ஃபிட்டர், ஒரு சாதாரண வயர்மேன், அவர் கால் கொஞ்சம் விந்தினாலும், காது கொஞ்சம் மந்தமானாலும், பெண்ணாக இருந்தாலும், வேற்று ஊர்க்காரராக இருந்தாலும், அதிர்ஷ்டத்தை நம்பாமல் உள்ளே போக முடிய வேண்டும். அதுதான் சரியான வாசல்.

நம் வகுப்பில் போலியோவால் ஒரு கால் சூம்பிய தோழன் ஒருவன் உண்டு. வைண்டிங்கில் அவன் கைக்கு ஈடு கிடையாது. ஒரு நேர்முகத் தேர்வில் அவனிடம் மோட்டாரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். மாடிப்படி ஏறுவியா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கேட்ட எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நண்பர்களே, இன்று நாம் வாசலுக்கு வெளியே நிற்கிறோம். நாலைந்து வருஷத்தில் நம்மில் பலர் வாசலுக்கு உள்ளே நிற்போம், சூப்பர்வைசராக, ஜூனியர் இன்ஜினியராக, சிலர் சொந்தப் பட்டறை முதலாளியாக. யாருக்கு எந்த மெஷின், யாருக்கு எந்த ஷிப்ட் என்று முடிவு செய்கிற நோட்டு நம் கையில் இருக்கும். பெஞ்சின் உயரத்தை அரை அடி குறைத்துப் போட எவ்வளவு செலவாகும்? பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்ட? தமிழ் தெரியாத தொழிலாளிக்கு இரண்டு தடவை பொறுமையாகச் சொல்ல? அப்படி ஒன்றும் பெரிய பட்ஜெட் இல்லை.

அப்போது நம் எதிரே ஒருவர் வந்து நிற்பார். அவரிடம் முதல் கேள்வி மாடிப்படியைப் பற்றியதாக இல்லாமல் மோட்டாரைப் பற்றியதாக இருக்கட்டும். அடுத்த தடவை பரீட்சையில் ஈட்டா எழுதும்போது அந்த நாலடி மனிதரை ஒரு விநாடி நினைத்துக்கொள்ளுங்கள்.

— மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் பிரிவு